மாமாவின் காருக்கு அப்பா எடுத்த காது டெஸ்ட்

மலையைக் குடைகிற வேலைக்கு நடுவிலும் மருமகளை மறக்காத மாமாவுக்கு,

வாலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் சுரங்கமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்காவதாக ஒருவரின் சௌக்கியத்தையும் கேட்பீர்கள். வெள்ளை நிறம், நாலு சக்கரம், கிளம்பும்போது "பிள்ளை மாதிரி பாத்துக்குங்க மச்சான்" என்று நீங்கள் அப்பாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனது. கடிதமே அதைப் பற்றித்தான். முதலில் உட்காருங்கள். அங்கே நாற்காலி இல்லையென்றால் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வந்தபோது வண்டிக்குள்ளிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். வேறு வீட்டு அப்பாவாக இருந்தால் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் போயிருப்பார். நம் வீட்டு அப்பா பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர்களின் காதைச் சோதிக்கிறவர் ஆயிற்றே! நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் காதை வைத்து, கண்ணை மூடி, "டேப்பெட்" என்றார். பின்னால் பதினாலு வண்டிகள் ஹாரன் அடித்தன. அதற்கும் கண்ணைத் திறக்காமல் அதே "டேப்பெட்". எஞ்சினின் தலையில் இருக்கிற வால்வுகளைத் தட்டித் தட்டித் திறக்கிற குட்டிச் சாமான்களாம் அவை. உள்ளே ஆயில் நிறைந்திருந்தால் பேசாமல் வேலை பார்க்குமாம், குறைந்தால் புலம்புமாம். "எஞ்சினுக்கு வால்வு, வீட்டுக்கு வாலு. ரெண்டும் தட்டிக்கிட்டே இருந்தாத்தான் ஓடும்ப்பா" என்றேன். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சோதனைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, நோயாளி பெயர்: கார், வயது: ஒன்பது, தொந்தரவு: தட்டல் என்று எழுதி, சத்தத்துக்குக் கோடு போட ஆரம்பித்தார். வண்டியில் என்னைக் காதில் ஒயர் மாட்டவிடாமல் தினமும் காதுப் பாதுகாப்பு பற்றிப் பிரசங்கம் செய்கிறவர், அன்றோடு பிரசங்கத்தை நிறுத்திவிட்டு வண்டியைக் கேட்க ஆரம்பித்தார். அந்த வகையில் எனக்கு நிம்மதிதான்.

இந்த இடத்தில்தான் மேல் வீட்டு லாரிக்காரர் படியிறங்கி வந்தார். லாரியை விட்டு அவர் இறங்கி எட்டு வருஷமாகிறது. லாரி இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை. என்ன ஆயில் என்று கேட்டார். புத்தகத்தில் போட்டிருக்கிற மெல்லிசு ஆயில் என்றார் அப்பா. லாரிக்காரர் துக்கம் விசாரிக்கிற குரலில், "அதான பாத்தேன். தண்ணியை ஊத்திட்டு சத்தம் வருதுன்னா எப்படி சார்? நான் லாரிக்கு ஊத்துன ஆயில்ல கரண்டியை நட்டா நிக்கும். கெட்டியா ஊத்துங்க, அது மெத்தை மாதிரி தாங்கும்" என்றார். "புத்தகத்துல வேற மாதிரி இருக்கேப்பா" என்றேன். "புத்தகம் எழுதினவன் லாரி ஓட்டியிருக்கானா?" என்றார் அப்பா. அவரும் ஓட்டியதில்லை என்பதை அடக்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். பழைய ஆயிலைப் பிடிக்க அப்பா எடுத்தது அம்மா துணி ஊறப்போடும் தொட்டி. லாரிக்காரர் மேலே நின்று "வலது, வலது, இன்னும் வலது" என்று சைகை காட்ட, அவருடைய வலது அப்பாவுடைய இடது என்பது இருவருக்கும் புரிவதற்குள் தொட்டி ஒரு பக்கமும் ஆயில் ஒரு பக்கமும் போய்விட்டன. அம்மா பால்கனியிலிருந்து, "என் தம்பி வண்டியைத்தானே விட்டுட்டுப் போனான்? என் தொட்டி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார். "பொறு, நாளைக்கு வண்டி பூனை மாதிரி போகும்" என்றார் அப்பா.

மறுநாள் விடிகாலைக் குளிரில் சாவியைத் திருப்பினார். மாமா, பூனை இல்லை. தட்டச்சுப் பள்ளிக்கூடம். டகடகடகவென்று தெருவையே எழுப்பிவிட்டு, பிறகுதான் அடங்கியது. அப்பா நேரம் பார்த்தார்: பதினோரு விநாடி. "ஆயில் இன்னும் செட் ஆகல" என்றார் லாரிக்காரர். ஒரு வாரம் பொறுத்தும் செட் ஆகவில்லை. "அப்போ கெட்டி பத்தல" என்று அடுத்த நம்பர் கெட்டியை ஊற்றினார்கள். பத்தொன்பது விநாடி! எதிர் வீட்டு நர்ஸ் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார். "உங்க வண்டி எழுந்துக்கும்போது நானும் எழுந்துக்கிறேன் சார், ஒரு நாள் லீவு போட்டாலும் முன்கூட்டியே சொல்லிடுங்க" என்று அப்பாவிடம் மரியாதையாகவே சொன்னார். ஆயில் குளிரில் உறைகிறது என்று கண்டுபிடித்த அப்பா, சாயங்காலமானதும் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்த ஆரம்பித்தார். அம்மாவின் நல்ல கம்பளி. ஒரு காலை அதை எடுக்க மறந்து கிளம்பி, மூன்று தெரு தாண்டி முடி கருகும் வாசனை வந்து நிறுத்தினார். அந்தக் கம்பளிக்கு இப்போது ஜன்னல் இருக்கிறது. அம்மா அதை அப்பாவின் கட்டிலில்தான் விரிக்கிறார்.

கடைசியில் போன செவ்வாய் மெக்கானிக்கிடம் போனோம். அவர் மூடியைத் திறந்து, ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்து, அப்பாவையும் பார்த்தார். "சார், இந்த ஆயிலுக்குக் காலையில எந்திரிக்கவே மனசில்லை. அது கீழேர்ந்து சோம்பல் முறிச்சு மேல ஏறி வர்ற வரைக்கும் டேப்பெட் காஞ்சுபோய் தட்டிக்கிட்டுத்தான் இருக்கும். புத்தகத்துல இருக்குற மெல்லிசையே ஊத்துங்க, சரியாயிடும்" என்றார். அப்பா திருப்பிக் கேட்டார்: "முதல்ல அதைத்தானேய்யா ஊத்தியிருந்தோம்? அப்பவே சத்தம் வந்துச்சே?" மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஆக்சிலேட்டரை மிதிச்சா அந்தச் சத்தம் வேகமாச்சா?" என்றார். "குறிச்சிருக்கேன், தாள் வீட்ல இருக்கு" என்றார் அப்பா. "மெல்லிசுலயும் வந்து, கெட்டியிலயும் வந்தா உள்ளயே ஏதோ பெரிய கோளாறு சார். எஞ்சின் தலையைப் பிரிச்சுத்தான் பாக்கணும்." வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தலை பிரிப்பு.

மாமா, அதை நடக்க விடாதீர்கள். உங்கள் மலைக்கு போன் ஏறுவதில்லை என்பதால்தான் வியாழக்கிழமை அங்கே வரும் உங்கள் கம்பெனி வண்டியில் இந்தக் கடிதம். சனிக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு இறங்குவீர்களே, அங்கிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, "எஞ்சினைத் தொடாதீங்க, புத்தகத்துல இருக்குற ஆயிலை ஊத்துங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். காரணம் கேட்டால், மலை உச்சியில் ஞானம் வந்தது என்று சொல்லிவிடுங்கள். "வண்டி கொடுத்தபடியே திரும்பி வந்தா, லீவுல அதுலயே உனக்கு ஓட்டக் கத்துத் தர்றேன்" என்று நீங்கள் சொன்னதை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். பிரித்துப் பூட்டின வண்டி கொடுத்தபடி வந்ததாக ஆகுமா? இத்தனை களேபரத்திலும் எந்த வம்புக்கும் போகாமல் ஓரமாக நின்றவள் நான் ஒருத்திதான் என்பதையும் நினைவில் வைக்கவும்.

தலைக்கவசம் இல்லாமல் சுரங்கத்துக்குள் போக வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னார். கம்பளி ஒன்று வாங்கி வரவும் சொன்னார்.

உங்கள் ஆசீர்வாதத்தைவிட உங்கள் போனை அதிகம் எதிர்பார்க்கும்,
மருமகள் வாலு

பின்குறிப்பு: ஓரமாக நின்றேன் என்று எழுதினேன் அல்லவா, அது இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து. முதல் திங்கட்கிழமை வந்த டிக் டிக், ஏசி காற்று வரும் விசிறியில் நான் ஒட்டிவைத்த பிளாஸ்டிக் துண்டு. பிரசங்கம் ஒரு நாள் நிற்கட்டும் என்றுதான் செய்தேன். ஆயில் மாற்றிய அன்றே அதை எடுத்துவிட்டேன். மறுநாள் காலை சத்தம் வந்ததே, ஓடிப்போய் அந்த விசிறியைத்தான் பார்த்தேன்; அங்கே ஒன்றும் இல்லை. நான் செய்யாத குறும்புக்கு நான் பயந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவிடம் சொல்ல இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ஆயில் நம்பரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மச்சான், இது வாலுவின் அப்பா. கடிதத்தைக் கம்பெனி வண்டியில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள், கவர் ஒட்டவில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் தாள்களை எடுத்துப் பார்த்தேன். முதல் சத்தம் ஆக்சிலேட்டரை மிதித்தபோது ஏறவில்லை, ஏசியைக் கூட்டியபோது ஏறியிருக்கிறது. இரண்டாவது சத்தம் எஞ்சினோடு ஏறியிருக்கிறது. இரண்டையும் என் கையாலேயே குறித்துவிட்டு, படிக்காமல் இருந்திருக்கிறேன். இதை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டாம். புதன்கிழமையே மெல்லிசு ஆயில் ஊற்றியாயிற்று. வண்டி மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. மெக்கானிக்கும் நானும் அதை அவளிடம் மறைத்துவைத்திருக்கிறோம். சனிக்கிழமை தயவுசெய்து போன் பண்ணாதீர்கள். ஞாயிறு பத்து மணிக்கு அவளையும் ஷெட்டுக்குக் கூட்டிப்போகிறேன். ஸ்பேனரைக் கையில் எடுத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எஞ்சின் பக்கம் மெதுவாகத்தான் போகப்போகிறேன். எத்தனை விநாடியில் உண்மையைச் சொல்கிறாள் என்று குறிக்கப் புதுத் தாள் ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். பத்தொன்பதுக்குள் சொல்லிவிட்டால், லீவில் நீங்களே ஓட்டக் கற்றுக்கொடுங்கள்.