ஹெனெலியின் வலக்காதில் மூண்ட போர்

அலைகடல் அஞ்சும் அகன்மார்பன், சூறைக்காற்றோடு தோள்தட்டி நின்றவன், முப்பதாண்டு படகோட்டியும் ஒருமுறையேனும் குமட்டலறியாத வயிற்றுறுதி வாய்ந்தவன், வவாவு தீவுக் கோயிற் பாடற்குழுவின் அடிக்குரலரசன் ஹெனெலி வாழ்க! அவன் தலை சுழன்ற வரலாறு கூறப் புகுந்தோம். கேட்போர் காதுகள் நிலைபெறுக!

ஞாயிறு விடியலில் அப்பெருந்தகை கட்டிலில் வலப்புறம் புரண்டான். அக்கணமே, காதின் உட்கோட்டையில் அமர்ந்து மேலெது கீழெது என்று உடலுக்கு ஓயாது உரைக்கும் காவற்படையாகிய நுண்ணிய சுண்ணத் துகள்களுள் சில, தம் பாசறை துறந்து, அருகிருந்த வளைகுழாயின் நீருக்குள் பாய்ந்து அதனைக் கலக்கி, "சுழல்கிறோம், சுழல்கிறோம்!" என்று மூளைக்குப் பொய்ப்பறை அறைந்தன. உடலோ "கிடக்கிறோம்" என்றது. இருவருள் எவரை நம்புவதென்றறியாமல், எழுந்து ஊன்றிய கால்கள் கலங்கின. புயலுக்குப் பணியாத பெருவீரன், ஈரப்பலாக்காய்போல் தரையில் விழுந்தான்.

மனைவி லூபே வாசலில் நின்றாள். ஏழு மாதத்துக்கு முன், இனிக் குடியேன் எனச் சபை நடுவே சூளுரைத்தவன் அவன்.

"ஏன்யா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"சத்தியமா தொடலடி! வீடுதான் சுத்துது."

"போன தடவையும் வீடுதான் சுத்துச்சு."

அச்சொல் கேட்டு அவன் நெஞ்சம் புண்பட்டது. "நேரே நடப்பேன், நிமிர்ந்து பாடுவேன், என் மெய்ம்மையை ஊரறிய நாட்டுவேன்!" என வஞ்சினம் மொழிந்து, கோயில் செல்லும் அத்தீவினர் ஆடைமேல் உடுக்கும் முடைந்த பாயை இடுப்பில் கட்டி, நிறைகுடம் சுமப்பான்போல் கழுத்தசையாது புறப்பட்டான். தெருவை வென்றான். கோயிற்படி ஏழையும் வென்றான். ஆனால் செபத்துக்குக் குனிந்த தலை பாட நிமிர்ந்ததும், துகட்படை மீண்டும் கிளர்ந்தெழ, தூண்கள் சுழல, பற்றுக்கோடு தேடிய வீரக்கை முன்னின்ற மூப்பரின் இடைப்பாயைப் பற்ற, பாய் அவிழ, மூப்பரும் வீரனும் ஒருசேர மண்கவ்வினர். சிரிப்பலை எழுந்தது. லூபே முகத்தை விசிறியால் மறைத்தாள்.

அப்போது மேற்குரல் அணியினின்று பாய்ந்து வந்தாள் நர்ஸ் மெலெனைத்தே. அவன் இமைகளை விரித்துப் பார்த்தாள்.

"லூபேக்கா, இங்க வாங்க. கண்ணு எப்படித் துடிக்குது பாருங்க. இது குடி இல்ல, காதுக் கோளாறு."

"நெசமாவா?"

"நெசந்தான். அண்ணே, சொன்னபடி கேளுங்க, கத்தக் கூடாது."

கத்தினான். அவளோ அஞ்சாது அவனை விசிப்பலகையில் இருத்தி, தலையை வலப்புறம் திருப்பி, மல்லாக்கச் சாய்த்து, விளிம்பில் தொங்கவிட்டுப் பொறுத்தாள், பின் இடப்புறம் திருப்பிப் பொறுத்தாள், உடலோடு இடப்பக்கம் உருட்டி, மூக்கு தரைநோக்கக் கிடத்திப் பொறுத்தாள், மெல்ல எழுப்பினாள். வளைகுழாயெங்கும் சிதறியோடிய துகட்படை, வந்த வழியே உருண்டு பாசறை மீண்டது. தூண்கள் நின்றன. கூரை நின்றது. விசிறியைத் தாழ்த்திய லூபேயின் கண்கள் கலங்கியிருந்தன. ஹெனெலி தனித்தெழுந்து, மூப்பருக்குப் பாய் கட்டிவிட்டு, விட்ட பாட்டை அடிக்குரலில் எடுத்தான், சன்னற்சட்டங்கள் அதிர்ந்தன, திசையெட்டும் அவன் நிமிர்வை அறிந்தன!

மத்தியானம் லூபே பெரிய மீன் துண்டை அவன் தட்டில் வைத்தாள்.