பம்பு போச்சு என்கிறவர்

பெரிய பழுதுப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சின்னக் கோளாறு என்றால் இவர்களுக்கு ஆகவே ஆகாது. விளக்கு எரியவில்லையென்றால் வீட்டு வயரிங்கையே மாற்றச் சொல்வார்கள், குழாய் சொட்டினால் தரையைத் தோண்டச் சொல்வார்கள், நீங்கள் இரண்டு தும்மல் போட்டால் போதும், நுரையீரலுக்கு நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. உதவி செய்யத்தான் துடிக்கிறார்கள். அதுதான் தொல்லை.

இந்த இனத்தில் அசல் சரக்கு ஒருவர், டிராக்டர் வைத்து விவசாயம் செய்யும் ஒரு பெண்ணுக்குத் தம்பியாக வாய்த்திருந்தார். டிராக்டர் பழசு. அன்று பாதி நிலம் உழுதபின், வரப்போரம் திரும்புவதற்காக அக்கா கலப்பையைத் தூக்கும் லிஃப்டின் லிவரை இழுத்தாள். மண்ணுக்குள் இருந்த கலப்பை லேசாக அசைந்தது. ஏறவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மீதியையும் உழுதால்தான் இந்தப் போகம் விதைக்க முடியும். இல்லாவிட்டால் டிராக்டர் சேற்றில் புதைந்து கிடப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை உதைத்தார் (லிஃப்டுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்), சீட்டுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டார், கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார்.

"பம்பு போச்சுக்கா."

"ஆயில் பார்த்தியாடா?"

"ஆயிலா? பொறந்ததுலேர்ந்து வண்டியோட கிடக்கிறேன், என்கிட்டப் போய் ஆயில் பார்த்தியான்னு கேக்குறியே!"

நியாயம்தானே? ஆயில் பார்ப்பது என்ன பெரிய வேலை? அளவுக்கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் முடிந்தது. அதற்கு ஒரு நிபுணர் எதற்கு? எனவே பார்க்கவில்லை. ஸ்பேனர்களை வரப்பில் பரப்பினார். பம்பு இல்லையென்றால் வால்வு, வால்வு இல்லையென்றால் பிஸ்டன், எதுவுமே இல்லையென்றால் லிஃப்டையே மொத்தமாக இறக்கிவிடுவது என்று திட்டம் வளர்ந்தது. சீட்டைக் கழற்றிவிட்டார். முதல் தூறல் விழுந்தது.

அக்காவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளே கம்பியை உருவினாள். நுனியில் ஈரம்கூட இல்லை. குனிந்து பார்த்தாள், கீழே ஒழுகின தடமும் இல்லை.

"இவ்வளவு ஆயிலும் எங்கடா போகும்?" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "போன வாரம் செங்கல் ஏத்த டிப்பர் மாட்டணும்னு வண்டியை வாங்கிட்டுப் போனியே, டிப்பர் தொட்டியைக் கீழ இறக்கிட்டுத்தானே ஆயில் ஹோஸைக் கழட்டின?"

தம்பி கையிலிருந்த ஸ்பேனரை உற்றுப் பார்த்தார்.

"இல்லக்கா... அடியில பெயிண்ட் அடிக்கலாம்னு... தூக்கின மேனிக்கே நிக்குது."

கலப்பையைத் தூக்கும் அதே ஆயில்தான் ஹோஸ் வழியாகப் போய் டிப்பர் தொட்டியையும் தூக்குகிறது. தூக்கியபடி ஹோஸைக் கழற்றினால் ஆயில் டிப்பரோடே தங்கிவிடும். ஆக, அக்காவின் ஆயில் ஒரு வாரமாகத் தம்பி வீட்டு வாசலில் தொட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மிச்சமிருந்த கொஞ்சத்தை வைத்து லிஃப்ட் பாதி நிலம் வரை ஒப்பேற்றியிருக்கிறது.

கொட்டகையிலிருந்த ஆயில் கேனைத் தம்பியே ஓடிப்போய்த் தூக்கிவந்தார். ஊற்றினார்கள், சீட்டை மாட்டினார்கள், வண்டியைக் கிளப்பினார்கள். கலப்பை மண்ணை உதறிக்கொண்டு எழுந்தது. மழை வலுப்பதற்குள் கடைசி உழவுச்சால் வரை உழுது முடித்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

தம்பியோ வரப்பில் நனைந்தபடி பக்கத்து நிலத்துக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பம்புதான்னு பார்த்ததுமே சொல்லிட்டேன். ஆயில் இல்லாம பம்பு என்னங்க பண்ணும்?"

அக்கா திட்ட வாயெடுத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். கலப்பை ஏறவில்லை என்று படித்த இடத்திலேயே, வண்டியைக் கண்ணால் பார்க்காமல், என்ன மாடல் என்றுகூடக் கேட்காமல், இன்னதுதான் கோளாறு என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதினீர்களா, இல்லையா? எழுதியிருந்தால் தயவுசெய்து எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிடாதீர்கள். ஃபேன் லேசாகத்தான் சத்தம் போடுகிறது.