பெற்றோர் உதவலாம்

கல்வியின் வரலாற்றை நாளை எழுதப்போகிறவர்கள், என் மகளுடைய நான்காம் வகுப்புக்கு முன், பின் என்று அதை இரண்டாகக் கிழித்தாக வேண்டும். துணிக்கடைக்காரன் சொல்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள். எது கிழியும், எது தாங்கும் என்பது எனக்குத் தெரியும்.

பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை சுருக்கமானது. 'எங்கள் வீட்டில் ஒரு நாள்' என்ற தலைப்பில் மாணவர்கள் தாங்களே படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கோத்து, பெற்றோர் முன்னிலையில் ஸ்லைடு ஷோவாகக் காட்ட வேண்டும். மதிப்பெண் உண்டு. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பெற்றோர் உதவலாம்.'

அந்த 'லாம்' இருக்கிறதே! 'குறைக்கலாம்' என்று கடைக்காரன் வாய்தவறிச் சொல்லிவிட்டால் வாங்க வந்தவர் என்ன செய்வாரோ, அதையே நாங்கள் செய்தோம். குடும்பத்தோடு உள்ளே புகுந்தோம்.

முதல் இடைஞ்சல், மகள் தானாகவே படங்களை எடுத்து முடித்திருந்தாள். அவசரக் கூட்டம் கூட்டினேன். நான், மனைவி, மைத்துனர். மைத்துனர் ஏதோ ஓர் அலுவலகத்தில் 'பிரசன்டேஷன்' செய்கிறவர். என்ன வேலை என்று கேட்டால் அதையும் பிரசன்டேஷனாகத்தான் காட்டுவார்.

முதல் படம் திரைக்கு வந்தது. தலையில் ஈரத்துண்டு, வாயில் ஹேர்பின், என் மனைவி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை ஊரே பார்க்கணுமா? அழிடி."

"நல்லா இருக்கும்மா. நீங்க திட்டுறது கண்ணுலயே தெரியுது."

"அதனாலதான் அழிங்கிறேன்."

அடுத்தது நான். கடையில், அளவுகோல் மடியில் கிடக்க, வாய் திறந்த உறக்கம். தலைக்கு மேலே, 'உங்கள் திருப்தியே எங்கள் உயிர்மூச்சு' என்ற பலகை. மூச்சு எந்த வழியாக வந்துகொண்டிருந்தது என்பது படத்தில் துல்லியமாகத் தெரிந்தது.

"மச்சான், இதுல 'விஷன்' இல்லை," என்று மைத்துனர் தீர்ப்பளித்தார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் எடுத்தது எல்லாம் இருக்கட்டும்ப்பா."

"ஒண்ணும் வேணாம்."

"பாதி?"

"சரக்கை விரிக்கும்போது கிழிசலை உள்ளே மடிச்சு வைக்கணும்மா."

"சரி, நீங்க தூங்குற படம் மட்டும். அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

எதிராளி ஒன்றுக்கு இறங்கிவிட்டால், இன்னும் கொஞ்சம் இழுத்தால் பூஜ்யத்துக்கும் வருவார். இழுத்தேன். வந்தாள். எந்த மொத்த வியாபாரியிடமும் நான் இப்படி ஒரு வெற்றி கண்டதில்லை.

எங்கள் முன்னறையில் துணிப்பொதிகள் அடைத்துக்கொண்டிருந்ததால், 'எங்கள் வீட்டில் ஒரு நாள்' எதிர்வீட்டுப் பல் மருத்துவரின் சோபாவில் படமாக்கப்பட்டது. நான் தடித்த புத்தகம் ஒன்றில் ஆழ்ந்தேன். ஈறு நோய்கள் பற்றியது. மனைவி செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், செடி பிளாஸ்டிக்.

"இயல்பாச் சிரி, அக்கா," என்றார் மைத்துனர், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"இயல்புன்னா பல் தெரியணுமாடா?"

"டாக்டர் வீடு. தெரியட்டும்."

மகளும் நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தாள். எங்கள் முகத்தில் வெளிச்சம் விழ, ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மைத்துனர் கோத்தார். ஒவ்வொரு படமும் சுழன்று, சிதறி, தீப்பற்றி எரிந்த பிறகே தோன்றியது. எழுத்துகள் குட்டிக்கரணம் போட்டன. பின்னணியில் வயலின் அழுதது. 'படம் காட்டுறாங்க' என்று நம்மவர்கள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதை, நாங்கள் ஒரு கலையாகவே உயர்த்தியிருந்தோம்.

காட்சி நாளன்று வகுப்பறை நிரம்பி வழிந்தது. மற்ற பெற்றோரும் அயராது 'உதவி'யிருந்தார்கள். பல் மருத்துவரின் சோபா எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பங்களில் உறுப்பினராகியிருந்தது. இருந்தாலும் கைதட்டல் எங்களுக்குத்தான் அதிகம். தீப்பற்றும் இடத்தில் சிலர் எழுந்தே நின்றார்கள்.

டீச்சர் மகளை முன்னால் அழைத்தார். "இதுல நீ எடுத்த படம் எதும்மா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"நீ கோத்தியா?"

"மாமா கோத்தாங்க."

"சரி, எந்தப் படத்துலயாவது நீ இருக்கியா?"

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அதில் நானும் மனைவியும் பல் தெரிய இயல்பாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"நான் வரலை டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு, மதிப்பெண் போட வேண்டிய கட்டத்தில் அவள் சொன்னதையே எழுதினார்: 'வரவில்லை.'

பிள்ளைக்கு ஆப்சென்ட் வாங்கித்தர சாமானியப் பெற்றோருக்கு ஒரு காய்ச்சலாவது தேவைப்படும். நாங்கள் அவளை நல்ல உடம்போடு, வகுப்பின் நடுவே, எல்லார் கண்ணெதிரிலும் நிற்கவைத்தே அதை வாங்கிக் கொடுத்தோம்.