குஜராத்தியா, கன்டோனீஸா: தாய்மாமன் தீர்ப்பு வேண்டி

பூனாகலை, மேல்பிரிவு,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் மரியநாயகம் அவர்களுக்கு, உங்கள் தங்கை றோசாலியின் புருஷன் யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே மழையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். லுணுகலையில் உங்கள் சுகத்தையும், வீட்டில் அக்காவின் முழங்கால் வலியையும், பேக்கரி அடுப்பு சரியாகிவிட்டதா என்பதையும் அறிய ஆவல். போன் இருக்க கடிதம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். லயத்தில் போன் பேசுவது வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் பேசுவதுதான். நான் சொல்லப்போவது மகள் நிலுக்ஷி காதில் விழக்கூடாது.

விஷயம் இதுதான். பிள்ளை நோயாளி பராமரிக்கும் பயிற்சி முடித்தது உங்களுக்குத் தெரியும். பதுளையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஜஸீல் தம்பி அவளுக்கு இரண்டு இடம் பார்த்துச் சொன்னார். ஒன்று ஹொங்கொங்கில் ஒரு சீன வீடு, அங்கே பேசுவது கன்டோனீஸ். மற்றது மஸ்கட்டில் வியாபாரம் செய்கிற குஜராத்திக் குடும்பம். இரண்டிலும் படுக்கையில் விழுந்தவரைப் பார்க்கிற வேலை. "பாஷ கொஞ்சம் தெரிஞ்சா உடனே எடுப்பாங்க, எது வேணும்னு புள்ளையே முடிவு பண்ணட்டும்" என்று அவர் சொன்னதுதான் தாமதம், அவள் இரண்டு பாடத்தையும் போனில் ஏற்றிக்கொண்டு காலையில் கன்டோனீஸ், சாயங்காலம் குஜராத்தி என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள். நானும் இரண்டு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பெற்ற தகப்பன் ஒப்பிட்டுப் பார்க்காமல் யார் பார்ப்பது?

நியாயமாகச் சொல்கிறேன், குஜராத்தி கேட்க இதமாக இருக்கிறது. தாய்மாமனுக்கு அங்கேயும் மாமாதான், அவர் மனைவி மாமிதான், உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பாவின் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே சொல்தான், காக்காவாம், ஜஸீல் தம்பி தன் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. கன்டோனீஸ்காரன் அந்த விஷயத்தில் நம்மைப் போலப் பெரியப்பாவை வேறாகவும் சித்தப்பாவை வேறாகவும் வைத்திருக்கிறான். குஜராத்தியில் உட்காருகிற கதிரை பொம்பளையாம், கோப்பை ஆம்பளையாம், இரண்டும் இல்லாததும் உண்டாம். கன்டோனீஸில் அந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பதிலாக ஒரே சத்தத்தை ஆறு விதமாக ஏற்றி இறக்கிச் சொல்லி ஆறு அர்த்தம் எடுக்கிறார்கள். பூனாகலைக் குளிரில் தடிமன் பிடித்தால் எனக்கு ஒரு விதம்தான் வருகிறது. பார்த்தவுடனே குஜராத்திக்காரன் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறான், சந்தோஷம் என்று சொல்ல வேண்டுமாம். கன்டோனீஸ்காரன் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அது நம்ம ஆள் கேட்கிற கேள்வி, அதனாலேயே எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. இரண்டுக்கும் பொதுவாக நான் கண்டுபிடித்தது ஒரே சொல், தேயிலைக்கு இவனும் சா, அவனும் சா. நாம் பறித்ததைக் குடித்துவிட்டு இப்போது பிள்ளையையும் கேட்கிறார்கள். ஹொங்கொங்கில் அவளை ஜேஜே என்பார்களாம், குஜராத்தி வீட்டில் பெயரோடு பென் சேர்ப்பார்களாம், இரண்டுக்கும் அர்த்தம் அக்காவாம். யார் வீட்டுப் பிள்ளையை யார் அக்கா என்பது? எனக்கு வயிறு எரிகிறது மச்சான்.

கேட்பது மட்டும் போதாது, ஒரு பாஷையின் தரம் மலையில் கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பது கங்காணி வேலை பார்த்த எனக்குத் தெரியாததா? போன செவ்வாய்க்கிழமை நான் மேல் ரோட்டில் நின்றுகொண்டு, அவளைக் கீழே தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தினேன். நடுவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. முதலில் அவள் இங்கே வா என்று குஜராத்தியில் கூப்பிட்டாள், "அஹீ ஆவோ" என்று நீட்டி, தெளிவாக வந்து சேர்ந்தது. அடுத்து அதையே நான் கன்டோனீஸில் ஏற்றி இறக்கி, முழுப் பலத்தோடு மூன்று தரம் கத்தினேன். மலைக்கு மேலே ஒருவன் புரியாமல் அலறினால் நம் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான், குளவி கலைந்துவிட்டது. கொழுந்துக் கூடைகள் உருண்டன, தலையை மூடிக்கொண்டு அத்தனை பெண்களும் ஓடினார்கள், பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் குப்புறப் படுத்துவிட்டாள். கணக்கப்பிள்ளை துஷாந்த் மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"எங்க கங்காணி குளவி?"

"குளவி இல்ல தம்பி, கன்டோனீஸ்."

"அது கொட்டுமா?" என்றான். பறிக்கிற நேரம் போன ஆத்திரத்தில் பெண்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தனலெட்சுமி றோசாலியிடம், "ஒங்க வீட்டுக்காரர உள்ள வச்சுப் பூட்டுங்கக்கா" என்று சொல்லியிருக்கிறாள். றோசாலியும் யோசிப்பதாகச் சொன்னாளாம்.

இத்தனையும் ஏன் எழுதுகிறேன் என்றால், பிள்ளை போவதில் எனக்கு இஷ்டமில்லை. அவள் போன பிறகு இந்த வீட்டில் என்ன சத்தம் இருக்கும் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. நான் வேண்டாம் என்றால் காலம் முழுக்க மனதில் வைத்திருப்பாள். உங்கள் மடியில் வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம், நம் சனத்தில் பெண்பிள்ளை விஷயத்தில் தாய்மாமன் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. ஆகவே இரண்டு பாஷையும் நம் நாக்குக்கு ஒத்துவராது, இரண்டு இடமும் வேண்டாம் என்று நீங்களாகவே யோசித்த மாதிரி அவளுக்கு ஒரு கடிதம் எழுதவும். என் பெயர் வரக்கூடாது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் அடுப்பும் அக்காவின் முழங்காலும் சீக்கிரம் குணமாக ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை என்றும் தட்டாத மச்சான்,
யே. யேசுரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நிலுக்ஷி வந்து யாருக்கு என்று கேட்டாள். மாமாவுக்குச் சும்மா சுகம் விசாரித்து என்றேன். "ஹொங்கொங் விஷயமாப்பா? மாமாகிட்ட போன மாசமே கேட்டுட்டேன். நல்லபடியா போயிட்டு வான்னு சொல்லிட்டாரு. ஜஸீல் அண்ணன்கிட்டயும் ஹொங்கொங்னுதான் சொல்லியிருக்கேன். ஒங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல" என்றாள். நீங்கள் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லையே மச்சான். சரி, போகட்டும். அப்படியானால் ஒரு மாதமாகக் குஜராத்தி எதற்குப் படித்தாய் என்று கேட்டேன். "அத நிப்பாட்டினா சாயங்காலம் நீங்க வந்து பக்கத்துல ஒக்கார மாட்டீங்களே" என்றாள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். ஹொங்கொங் நல்ல இடம்தான் என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புங்கள், அவளுக்கு வேண்டாம், எனக்கு. இன்றைக்குக் குஜராத்தியில் எண் பாடமாம், பிள்ளை கூப்பிடுகிறாள், நான் போகிறேன்.