வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்று சாமியார்கள் சொன்னால் நாம் நம்புவதில்லை. அதையே ட்ரையத்லான் கோச் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ட்ரையத்லான் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறி, தலை காய்வதற்குள் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கி அரை மாரத்தான் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆள், யாரும் கட்டாயப்படுத்தாமல். (இதைப் போல இரண்டு மடங்கு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.)

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தி. நகரில் ஒரு வங்கிக் கிளையில் உத்தியோகம், அபிராமபுரத்தில் ஃபிளாட். முந்தின வருடம் ஒருமுறை முயற்சி செய்து, சைக்கிளிலேயே நேரம் முடிந்துவிட, நடுரோட்டில் என்னை இறக்கி, நேரத்தைக் கணக்கிடக் காலில் கட்டியிருந்த சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். லாரியில் என்னோடு ஏழெட்டுத் தண்ணீர் கேன்களும் வந்தன. அவையாவது காலியாகித் தம் கடமையை முடித்திருந்தன. இந்த முறையும் முடிக்காவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவது என்று நானே எனக்குச் சபதம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் விடியுமுன் எழுந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதித்தேன், கோட்டூர்புரம் பாலத்தில் ஓடினேன், பெசன்ட் நகர் அலையில் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

போட்டி மங்களூரில், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் முழுக்க லீவு போட்டிருந்தேன். கோச் சொன்னார்: "மேடம், உழைக்க வேண்டியதெல்லாம் உழைச்சாச்சு. இந்த வாரம் நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க. புதுசா எதுவும் பண்ணாதீங்க. முட்டாள்தனம் மட்டும் வேண்டாம்."

திங்கட்கிழமை பழக்க தோஷத்தில் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. மிதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. மின்விசிறிகளைத் துடைத்தேன். பெட்டியைக் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். இடது முழங்கால் வலிப்பது போல இருந்தது, சாப்பிட்ட பிறகு வலி வலது காலுக்குப் போனது. என் கணவர் ஸ்ரீதர் ஒரே ஒரு தும்மல் போட்டார். (அன்றிலிருந்து அவருக்கு ஹாலில் படுக்கை.)

"நிறைய மாவுச்சத்து சேர்க்கணுமாம்ப்பா, கோச் சொல்லியிருக்கார்" என்று அப்பாவிடம் சொன்னேன்.

"சாதம் போட்டுண்டு சாப்பிடுன்னு சொல்றதுக்கு ஒரு கோச்சா?" என்றார் அப்பா.

அப்பா மத்திய அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். மற்றவர்கள் வானிலை அறிக்கை பார்ப்பது போல அவர் பஞ்சாங்கம் பார்ப்பார். அதைவிட அதிகமாக நம்புவார். என் ஓட்டத்தையும் நீச்சலையும் அவர் தடுத்ததில்லை, வந்து பார்த்ததுமில்லை. போன வருடம் நான் தோற்றுத் திரும்பியபோது, "நீ கெளம்பின வேளை சரியில்லை" என்று மட்டும் சொன்னார். இந்த வருடம் தானும் கூட வருவதாக அறிவித்துவிட்டார். வேளை பார்க்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பூதக்கண்ணாடியும் பஞ்சாங்கமுமாக வந்து உட்கார்ந்தார்.

"ரயில் என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்ப்பா."

"மங்களூர் எந்தப் பக்கம்?"

"மேற்கே."

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்."

(ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையில் சூலம் உண்டு. அந்தத் திசையில் அன்றைக்குப் பயணம் கிளம்பினால் போன காரியம் உருப்படாது என்பது நம்பிக்கை.)

"மாமா, அதுக்குத்தான் பரிகாரம் இருக்கே. கொஞ்சம் வெல்லம் வாயில போட்டுண்டு கெளம்பினா போறும்" என்றார் ஸ்ரீதர்.

"அதெல்லாம் காட்பாடி போறவாளுக்கு. இவ கடல்ல இறங்கப் போறா. வெல்லம் தாங்காது" என்றார் அப்பா. பிறகு முகம் மலர்ந்தது. "பரஸ்தானம் பண்ணிடலாம்."

பரஸ்தானம் என்பது நம் முன்னோர்கள் சூலத்துக்கே டிமிக்கி கொடுக்கக் கண்டுபிடித்த வழி. நல்ல நாளில், நல்ல நேரத்தில், நம் சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் வெள்ளிக்கிழமை அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போவது வெறும் தொடர்ச்சிதான், சூலம் ஒன்றும் கேட்க முடியாது. எந்த வக்கீலும் இதைவிட நல்ல யோசனை சொல்ல முடியாது.

நான் கணிதத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். சாதாரண வாரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சும்மா இருந்து சும்மா இருந்து, செய்வதற்கு ஏதாவது கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த வாரம் அது. ஆர்வமாக எழுந்து நின்றேன்.

"ஒரு துண்டைக் கொண்டு வெச்சுடு" என்றார் ஸ்ரீதர்.

"துண்டை வெச்சா துண்டு மட்டும்தான் கெளம்பும்" என்றார் அப்பா. "பிரயாணத்துக்கு அவசியமா வேண்டியதா இருக்கணும்."

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. இருப்பதிலேயே அவசியமானது எது என்று யோசித்து, என் சைக்கிள் ஷூவை எடுத்துப் பையில் போட்டேன். அது சாதாரண ஷூ அல்ல. அடியில் ஒரு தகடு இருக்கும். அது சைக்கிள் பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். பெடலோ தீப்பெட்டி அளவுதான். அந்த ஷூ இல்லாமல் அதை மிதிப்பது குண்டூசி மேல் நிற்கிற வேலை.

புதன்கிழமை நல்ல நேரத்தில் மேற்குப் பக்கத்து ஃபிளாட்டுக்கு ஊர்வலமாகப் போனோம். ஸ்டெல்லா டீச்சர் வீடு அது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை. பரஸ்தானம் என்றால் என்ன என்று அப்பா விளக்கியதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"டீச்சர், ரொம்ப முக்கியமான பை. இது இல்லேன்னா இவளுக்குப் போட்டியே இல்லை. பத்திரமா வெச்சுக்கோங்கோ" என்றார் அப்பா.

"நீங்க கவலையே படாதீங்க சார்" என்று டீச்சர் இரண்டு கைகளாலும் வாங்கி, மாதா படத்துக்குக் கீழே வைத்தார். என் பயணம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரித்துக் கட்டிய சைக்கிள் அட்டைப்பெட்டியில் தயார். ஸ்ரீதர் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். "பையை வாங்கிண்டு வா" என்றார் அப்பா. போனேன். ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது.

போன் செய்தேன். பின்னால் மணியோசையும் பாட்டும் கேட்டன.

"ஹேமாவா? நான் வேளாங்கண்ணியில இருக்கேம்மா. திடீர்னு எங்க சர்ச் பங்குல வேன் ஏற்பாடு பண்ணாங்க, நேத்து காலைல கெளம்பிட்டேன்."

"டீச்சர்... என் பை?"

"அதுவா? பயப்படாத. அவ்ளோ முக்கியமான பைன்னு அப்பா சொன்னாரு, பூட்டுன வீட்ல விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. கையோட கொண்டுவந்துட்டேன். மாதா காலடியில வெச்சு உனக்காக மெழுகுவத்தி ஏத்தியாச்சு. நீ எப்பம்மா கெளம்புற? செவ்வாக்கெழமன்னு தான நெனச்சேன்?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு விஷயம் புரிந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டார். நல்ல கேள்வி ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன்.

"டீச்சர், நேத்திக்கு வியாழக்கிழமை. தெற்கே சூலமாச்சே! அதுல போய்ப் பையைத் தூக்கிண்டு போயிருக்கேளே! கெளம்பறச்சே பரிகாரத்துக்குத் தைலமாவது எடுத்துண்டேளா?"

"மூட்டுவலிக்குத் தேய்ச்சுக்கிட்டேன் சார்."

"அப்போ பரவாயில்லை" என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

மேற்கே உள்ள சூலத்துக்குப் பயந்து அனுப்பி வைத்த ஷூ, தெற்கே இருந்த சூலத்தின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. வேளாங்கண்ணியிலிருந்து மங்களூருக்கு எந்தப் பஸ்ஸில் அனுப்பினாலும் நேரத்துக்கு வராது. புதிது வாங்கலாம் என்றால், என் அளவில் பெண்கள் ஷூவுக்குச் சொல்லிவைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரயிலுக்கு இருந்தது இரண்டு மணி நேரம்.

ஸ்ரீதர்தான் சொன்னார்: "ஷூவை மாத்த முடியாட்டா பெடலை மாத்து."

மந்தைவெளியில் ஒரு சைக்கிள் கடைக்கு ஓடினோம். என் தீப்பெட்டிப் பெடலை வாங்கி அந்தக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமா இது, இத்தினியூண்டு கீது? இதுல எப்டி கால வெக்கிறே?" என்று கேட்டார். பிறகு திருகைப் பொருத்திப் பார்த்து, பால்காரர் சைக்கிளுக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் பெடல் ஒரு ஜோடி எடுத்துத் தந்தார். "செங்கல் மாரி கீது. ஆயுசுக்கும் ஒயைக்கும்." புதிதாக எதுவும் செய்யாதீர்கள் என்ற கோச்சுக்கு நான் அன்று போன் செய்யவில்லை.

ரயிலில் அப்பா தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஜோலார்பேட்டை தாண்டி, ஜன்னலைப் பார்த்தபடியே, "வெல்லத்தோட விட்டிருக்கலாம். நான்தான் கெடுத்தேன்" என்றார். என் அப்பா தன் மேல் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கோபமெல்லாம் போய்விட்டது. நான் தோற்றால் சைக்கிளைத்தான் விற்பேன். இவர் இதைச் சாகும்வரை சுமப்பார். அந்த நிமிஷத்திலிருந்து இந்தப் போட்டியை முடித்தே ஆக வேண்டியதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் நன்றாகவே போனது. கரையேறி ஓடிவந்து சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்குப் போனால், விமானம் மாதிரி சைக்கிள்களுக்கு நடுவே என்னுடையது மட்டும் கால் முளைத்த செங்கல்களோடு நின்றது. பக்கத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்த இளைஞன் குனிந்து பார்த்து, "அக்கா, பால் ஊத்திட்டு வந்தீங்களா?" என்றான். கோயம்புத்தூர்ப் பையன். (இவ்வளவு தூரம் வந்தும் கிண்டல் தமிழில்தான் கிடைத்தது.)

மேட்டில் எல்லோரும் காலை மேலே இழுத்து மிதிக்கிறார்கள். எனக்குக் கீழே அழுத்த மட்டும்தான் முடியும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் என்னை முந்திப் போனார், போகும்போது 'குட் மார்னிங்' வேறு. ரப்பர் பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கீச்சிட்டது. போன வருடம் என்னை இறக்கிய லாரியின் தம்பி ஒன்று மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேன்களின் ஞாபகம் வந்ததும் மிதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு மிதி! சைக்கிள் பகுதிக்கு நேரம் முடிய சில நிமிஷங்கள் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன். அங்கே எனக்கு ஒரு லாபம் காத்திருந்தது. மற்றவர்கள் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போட்டிருந்ததே ஓடுகிற ஷூ. நிற்காமல் ஓடினேன்.

ஓட்டம் ஒரே சாலையில் மூன்று சுற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசிச் சுற்றில் காலில் ஒரு தசை சுருட்டிக்கொண்டு, நொண்டி நடக்க ஆரம்பித்தேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்தார்.

"மூணேகாலுக்கு மூடறாளாம். நடந்தா கிடைக்காது. ஓடுடீ!"

"முடியலப்பா."

"நான் வரேன், வா" என்று சொல்லிவிட்டு அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். எழுபத்து நாலு வயது மனுஷர், கம்பிக்கு அந்தப் பக்கம், ரப்பர் செருப்பு படபடக்க, கூட்டத்தில் நின்றவர்களிடம் "வழி விடுங்கோ, என் பொண்ணு முடிக்கப் போறா, என் பொண்ணு!" என்று தமிழ் தெரியாத ஊரில் தமிழில் கத்திக்கொண்டு. அதற்கு மேல் யாரால் நடக்க முடியும்? அழுதுகொண்டே ஓடினேன். கோட்டைத் தாண்டியபோது ஐந்து நிமிஷம் மிச்சமிருந்தது. பின்னால் வந்தவர்கள் மூன்று பேர். (நான்கு என்று ஸ்ரீதர் சொல்கிறார். நான்காவது ஆள் போட்டியில் இல்லை, தண்ணீர் கொடுக்க வந்தவர்.)

மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தபோது அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலியில் இருந்தார். மெடலைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ரயில் ஏறியதிலிருந்து தொடாத பஞ்சாங்கத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"மூணு பத்துக்கு முடிச்சே. ஞாயித்துக்கிழமை மூணுலேர்ந்து நாலரை குளிகை."

"குளிகைன்னா நல்லதா கெட்டதா மாமா?" என்று ஸ்ரீதர் கேட்டார்.

"நல்லது கெட்டது இல்லை, மாப்ளே. குளிகையில ஒரு காரியம் நடந்தா அது திரும்பத் திரும்ப நடக்கும்."

ஸ்ரீதர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதுவரை ஆறு முடித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அப்பா வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் ஓடுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஸ்ரீதர் அட்டைப்பெட்டி தூக்குகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்கிற கதை இதுதான்: "அந்த ஷூ மட்டும் கையில இருந்திருந்தா இவ ரெண்டரைக்கே முடிச்சிருப்பா. குளிகைக்கு முன்னாடி. அந்த ஒண்ணோட எனக்கு விடுதலை கிடைச்சிருக்கும்!"