அப்பாவின் முகமும் அப்பாவின் பூட்ஸும்

அன்புள்ள எம்மெட் அண்ணாவுக்கு,

தங்கை தியா எழுதுவது. இங்கே கொரின் அண்ணியும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் நலம். உன் சரக்குக் கப்பலும் அந்தப் பெரிய ஏரியும் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன்.

பையனா பெண்ணா என்று யாரும் உனக்குச் சொல்லக் கூடாது, வண்ணப் பொடி வெடிக்கும்போது எங்கள் முகங்கள் போகிற போக்கை வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன், அதிலும் அப்பா முகத்தை விட்டுவிடாதே என்று சொல்லிப் போனாய். படம் எடுப்பவளை யாரும் படம் எடுக்க முடியாது என்பதால் நானும் சம்மதித்தேன். சனிக்கிழமை மதியம் தோட்டத்தில் உருளைக்கிழங்கு சாலட் மேசையருகே, பையனென்றால் நீலமும் பெண்ணென்றால் ரோஸும் கக்கும் பொடிக்குழாயோடு அப்பா நின்றார். "எதுவா இருந்தா என்ன, டயபர் ஒண்ணுதானே" என்றார். அம்மா, "புள்ள கப்பல்ல பாக்கப்போறான், கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா நில்லுங்க" என்றாள். "இதுதான் என் சிரிச்ச மூஞ்சி" என்றார். அண்ணி பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நாற்பது வருஷம் டிராக்டர் பழுதுபார்த்தவருக்குக் குறிப்புத்தாள் எதற்கு, ஏழிலேயே குழாயைத் திருகிவிட்டார், அதுவும் தலைகீழாக. மொத்தப் பொடியும் மேசைக்கு அடியில், திருடிய சாசேஜோடு படுத்திருந்த உன் நாய் மஃபின்மேல் இறங்கியது. எல்லோரும் கத்தினார்கள். நான் மட்டும் கை நடுங்காமல் எடுத்தேன்.

எடுத்ததாக நினைத்தேன். பொத்தானை முன்னாலேயே ஒருமுறை தொட்டிருக்கிறேன் போல. தொடங்க அழுத்தியபோது நின்றிருக்கிறது, நிறுத்த அழுத்தியபோது தொடங்கியிருக்கிறது. ஆகவே ஒரு முகமும் இல்லை. கையில் தொங்கிய கேமராவில் பன்னிரண்டு நிமிடம் புல், நாற்காலிக் கால்கள், என் கட்டைவிரல். ஆனால் ஒன்பதாவது நிமிடத்தைப் பார். எல்லோரும் கேக் வெட்ட உள்ளே போய்விட்டார்கள். கொட்டகைப் பக்கம் அப்பாவின் பூட்ஸ் மட்டும் நிற்கிறது. இடது குதிகால் ஒருமுறை தட்டுகிறது. பிறகு வலது. பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபடி எதிர்ப்பக்கம் ஒரு வட்டம். "தாத்தாடா நீ, லோவெல்" என்று தன்னிடமே சொல்கிறார். அப்புறம், "தியா, அது ஓடலையே?"

"ஓடலப்பா" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

முகம் கிடைக்கவில்லை, அண்ணா, மன்னித்துவிடு. மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குக் கொடுத்த வாக்கில் பாதியைத் தொலைத்துவிட்டேன், மீதியையாவது காப்பாற்றினேன். இந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் பொடியின் நிறம் உனக்குத் தெரியாது. கரையேறி வந்து அண்ணி வாயால் கேட்டுக்கொள். அம்மாவின் முத்தங்களும், அப்பாவின் "ம்"மும் இதில் அடக்கம்.

உன் தங்கை,
தியா

பி.கு.: மஃபினை மூன்று முறை குளிப்பாட்டியாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை, தானாக வெளுத்துவிடும் என்கிறார் மருத்துவர். வெள்ளை நாயை விட்டுப்போனவன் திரும்பி வந்து ரோஸ் நிற நாயைப் பார்த்துப் பதறக் கூடாதே என்று ஒரு போட்டோவும் வைத்திருக்கிறேன். அன்று நான் எடுத்ததில் தெளிவாக விழுந்தது அது ஒன்றுதான்.