நான் மிதிக்காத கிலோமீட்டர்கள்

உழவர்கரை, புதுச்சேரி
20 ஏப்ரல் 2026

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அர்னோ அவர்களுக்கு,

மாமனார் அத்ரியான் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே உங்கள் மாமியார் நலம், வீடு நலம், என் வலது முழங்கால் நலம். இடது முழங்காலைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அங்கே பிரான்சில் நீங்களும், என் மகள் ஏலிஸும், உங்கள் சைக்கிள் கடையும், அதில் வாடகைக்கு நிற்கும் அத்தனை சைக்கிள்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் கடைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் யாருக்கு எதை அனுப்பினாலும் அது எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்துவிடுகிறது. போன மாதம் டாக்டருக்கு என்று அனுப்பிய என் வீங்கிய பாதத்தின் படத்துக்குப் பாரிஸிலிருந்து ஆறு பேர் பூங்கொத்து போட்டிருந்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடை நடத்தப்போகும் வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சைக்கிள் சவாரியில், அறுபத்திரண்டு கிலோமீட்டர் பிரிவில், ஏலிஸ் சேர்த்திருக்கும் என் பெயரை நீங்கள் சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டும். விமான டிக்கெட்டையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட வேண்டும். என்ன சொல்வீர்களோ தெரியாது, சொல்வது உங்கள் சாமர்த்தியம். காரணம் ஒன்றே ஒன்று. மூன்று மாதமாக நான் மிதித்ததாக உங்கள் வீட்டில் பேசிக்கொள்ளும் கிலோமீட்டர்களில், முதல் நாள் மிதித்த இரண்டு மட்டும்தான் என்னுடையவை.

எப்படி இந்த வம்பு வந்தது என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு வந்த ஏலிஸ், என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் ஹாலையே அளந்துகொண்டிருந்தாள். மறுநாள் ஹாலில் இருந்த அலமாரி இடம் மாறியது, அந்த இடத்தில் சக்கரமில்லாத சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அதை டிவியோடு இணைத்து, நீங்கள் உங்கள் சைக்கிள் கைப்பிடியில் கேமராவைக் கட்டி ஓட்டி ஓட்டிப் படமெடுத்த மூன்று வழிகளையும் அதில் ஏற்றினாள். "பப்பா, தெனம் முக்கா மணி நேரம். நீங்க மிதிச்சா ரோடு ஓடும், நிறுத்துனா நின்னுடும். எறக்கத்துலயும் வண்டி நின்ன எடத்துலயும் மட்டும் தானா ஓடும். எவ்ளோ தூரம், எவ்ளோ வேகம், எல்லாம் என் போனுக்கு வந்துடும். ஏமாத்த முடியாது" என்றாள். ஏமாற்ற முடியாது என்று முப்பத்து நாலு வருஷம் பரீட்சை மேற்பார்வை பார்த்த ஒரு வாத்தியாரிடம் அவள் சொல்லியிருக்கக் கூடாது. எத்தனை வழி இருக்கிறது என்று எனக்குப் பிள்ளைகள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

என் நிலைமையையும் நீங்கள் யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து, பிரான்சின் ஆறுகளைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டிக் காட்டியே ஓய்வு பெற்றவன் நான். கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, பிரான்சுக்குப் போனதில்லை. முதலில் என் தாயார் படுத்த படுக்கை, பிறகு அங்கே குளிர், பிறகு இங்கே முழங்கால். உங்கள் வெசேர் அந்த வரைபடத்தில் ஒரு மெல்லிய நீலக் கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் மேடு இருக்கும் என்று யாரும் போடவில்லை. நம் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதிலும் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன்.

முதல் நாள் முதல் வழியில் ஏறி உட்கார்ந்தேன். அழகை நான் குறை சொல்லவில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அக்ரூட் தோப்பு, தூரத்தில் மஞ்சள் பாறை. ஆனால் மாப்பிள்ளை, அந்த ஊரில் ஆள் எங்கே? ஒரு டீக்கடை இல்லை, ஒரு வேகத்தடை இல்லை. மாடுகள் கூட வேலிக்குள் வரிசையாக நின்று, சோதனைக்கு வந்த கல்வி அதிகாரிகள் மாதிரி நம்மை மேலும் கீழும் பார்க்கின்றன. இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு சின்ன ஏற்றம். படத்தில் ஏற்றம் வந்தால் இங்கே மிதி தானாகவே இறுகும் என்று ஏலிஸ் சொல்லவில்லை. இடது முழங்காலில் ஏதோ சத்தம் கேட்டது. நான் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் நான் ஏறவில்லை, மூன்று நாளும் ஏலிஸ் போனில் அழுதாள். நாலாவது நாள், காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து நம் தெருவில் மீன் விற்கும் சின்னப்பொண்ணு, கூடையை வாசலில் இறக்கிவிட்டு டிவியை எட்டிப் பார்த்தாள். நான் படத்தை மட்டும் ஓடவிடலாமா என்று இயந்திரத்தின் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன். "இன்னாய்யா ஊரு இது, ஆளே இல்ல? கலர் கலரா படகு போவுது, ஒருத்தன் கையிலயும் வலை இல்லியே. பின்ன எதுக்குத் துடுப்பு போடறானுங்க?" என்றாள். பொழுதுபோக்குக்கு என்றேன். அவள் நம்பவில்லை. "நவுருங்க, நான் போய்ப் பாக்கறேன். முன்னாடி எங்கனா மீன் எறக்குவானுங்க" என்று புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தவள் மீன்துறையைத் தேடிப் பத்துக் கிலோமீட்டர் போய்விட்டாள். அன்று மாலை ஏலிஸ் போன் செய்தாள். "பப்பா! இவ்ளோ வேகமா! எனக்குப் பெருமையா இருக்கு பப்பா" என்றாள். பெற்று வளர்த்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துப் பெருமை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, மாப்பிள்ளை.

சின்னப்பொண்ணுக்கு மூன்றாம் நாளே சலித்துவிட்டது. "கரையே இல்லாத ஆறு, எனக்கு வேணாம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள். பிறகுதான் உங்கள் மாமியார் வந்தாள். ழனெத்தை உங்களுக்குத் தெரியும். கோயில், மார்க்கெட், வீடு தவிர வேறு வழி அறியாதவள், சைக்கிளைத் துடைப்பதற்கு மட்டும் தொட்டவள். துடைக்கத்தான் ஏறினாளாம். நான் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவதற்குள் அக்ரூட் தோப்பைத் தாண்டியிருந்தாள். "நான் மிதிக்கறேன், நீங்க வெங்காயம் அரிங்க. சரியா?" என்று ஒப்பந்தம் போட்டாள். சரி என்றேன். வெங்காயத்தோடு நின்றதா? அவள் இரண்டாவது வழிக்குப் போனபோது எனக்கு மீன் ஆய்வதும் சேர்ந்தது. மூன்றாவது வழியில், பாறை மேலிருக்கும் சேன் மர்த்தேன் கோயில் வரை ஏறும் அந்தக் கொடுமையான ஏற்றத்தில் அவள் மூச்சு வாங்கும்போது, நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தால் அவள் இறக்கத்தில் மிதிக்காமல் சிரித்துக்கொண்டு வருகிறாள். நாற்பத்தொரு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருப்பேன்.

இதில் விதி எப்படி விளையாடியது பாருங்கள். வீட்டு வேலையெல்லாம் செய்து செய்து எனக்கு நாலு கிலோ குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "என்ன செய்தீர்களோ அதையே விடாமல் செய்யுங்கள்" என்றார். அதாவது மீன் ஆயச் சொல்கிறார். ஏலிஸ் அதைச் சைக்கிளின் மகிமை என்று எடுத்துக்கொண்டு, போன வாரம் போன் செய்து, "பேரு குடுத்தாச்சு பப்பா, அறுவத்திரெண்டு கிலோமீட்டர். டிக்கெட்டும் போட்டாச்சு, ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்கள் ஊர் ஜனங்கள், இருக்கிற கொஞ்சம் பேரும், வேலியோரம் நின்று பார்க்க, இரண்டாவது கிலோமீட்டரில் நான் இறங்கி உட்கார்ந்தால் என் மகளின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் எனக்குத் தெரிகிறது. வேறு எந்த அவமானத்தையும் தாங்கிக்கொள்வேன்.

நீங்கள் உதவுவீர்கள் என்று நம்ப இன்னொரு காரணமும் உண்டு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதல் வழியில் பதினோராவது கிலோமீட்டரில் உங்கள் கேமரா நாலு நிமிஷம் அசையாமல் ஒரு நீல ஜன்னலையும் பூந்தொட்டியையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் மாமியார்தான் முதலில் கவனித்தாள். கடைக் கதவின் மணி அடிக்கிறது, ஒரு அம்மாள், "பொன்ழூர் மொசியே அர்னோ, வழக்கம்போல ரெண்டா?" என்று பிரெஞ்சில் கேட்கிறாள். பிறகு காகிதம் கசங்குகிறது, பிறகு மெல்லும் சத்தம். அது ரொட்டியை மெல்லும் சத்தமல்ல, கேக் மெல்லும் சத்தம். நீங்கள் இனிப்பைத் தொட்டு இரண்டு வருஷமாகிறது என்று ஏலிஸ் குடும்பக் குழுவில் எழுதியதை நானும் படித்தேன். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன். தின்னுகிற வாயைக் காட்டிக்கொடுக்கிற குடும்பம் நம்முடையதல்ல. ஒருவருக்கொருவர் இப்படித்தான் ஒத்தாசையாக இருக்க வேண்டும்.

மழையில் சைக்கிள் ஓட்டாதீர்கள். ஏலிஸிடம் என் முத்தங்களைச் சொல்லுங்கள், கடிதத்தைப் பற்றிச் சொல்லாதீர்கள். அன்னை மரியாள் உங்கள் இருவரையும், உங்கள் டயர்களையும் காக்கட்டும்.

களைத்துப்போன மாமனார்,
அத்ரியான்

பின்குறிப்பு: நேற்று கவரை ஒட்டப் பசை தேடி உள்ளே போய்விட்டு வந்தால், உங்கள் மாமியார் மேலே உள்ள எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தாள். "ஒங்க பேருன்னு யாரு சொன்னது? ஏலிஸ் குடுத்தது என் பேர" என்றாள். மூன்றாவது வாரமே அவள் மகளிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். சின்னப்பொண்ணு உட்பட. அறுபத்திரண்டு கிலோமீட்டர் போகப்போகிறவள் ழனெத். எனக்குச் சேன் மர்த்தேனில் பகல் சாப்பாட்டு மேசையில் வெங்காயம் அரியும் வேலை ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் நாலு நிமிஷமும் ஏலிஸுக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். மிதிக்கிறவர் அங்கே இறங்கிக் காபி குடிக்கட்டும் என்றுதான் அதை வெட்டாமல் விட்டிருக்கிறாள். மன்னிக்கவும். டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்ன வரியை மட்டும் ழனெத் இரண்டு தடவை படித்தாள். "வரைபடத்துல காட்டிக் காட்டியே நாப்பத்தோரு வருஷம் ஓட்டிட்டீங்க. நான் அந்த ஆத்தப் பாக்கணுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

இன்று மாலை அவள் பூசைக்குப் போனதும் ஏறி உட்கார்ந்தேன். முதல் வழி. அந்த ஏற்றத்தில் இரண்டு தடவை நின்றேன், மாடுகள் பார்த்தன. நீல ஜன்னல் வரை வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. "வழக்கம்போல ரெண்டா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது, "மூணு" என்று வாய்விட்டுச் சொன்னேன். ழனெத் திரும்பி வரும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. "மமா, இன்னிக்கி ஏன் இவ்ளோ மெதுவா? ஒடம்பு சரியில்லியா?" என்று ஏலிஸ் பதறினாள். ழனெத் என் நனைந்த பனியனைப் பார்த்துவிட்டு, "நான் இல்லடி" என்றாள். "பப்பாவா?" என்று கேட்டாள் ஏலிஸ்.

எனவே மாப்பிள்ளை, என் பெயரை எடுக்கச் சொன்னதை மறந்துவிட்டு, இல்லாத அந்தப் பெயரைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். கேக் கடை வரைக்கும் மட்டும்.